வடிவு இருந்த இடத்தில்

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. அவுக இப்பத்தான் கண்ணசந்திருக்காக, எந்திரிக்க அரை மணி நேரம் ஆகும். அதுவும் நல்லதுக்குத்தான். நீங்க உள்ள போறதுக்கு முந்தி நான் ஒரு விஷயம் சொல்லணும்.

லெட்டர்ல எழுதியிருந்தீங்கல்லா, அவுக மொத நாவலை மறுபடி அச்சுப் போடப் போறோம், முன்னுரை வேணும், அதுல வாற வடிவுங்கிற அக்காவைப் பத்தி அவுக பேசினா ரெக்கார்டு பண்ணிக்கிடுவோம்னு. முன்னுரை சொல்லுவாக. பேச்சு நல்லா வருது இப்ப. ஆனா வடிவு பேரை மட்டும் நீங்க உள்ள எடுக்கக் கூடாது. ஏன்னு கேப்பீங்க. சொல்லுதேன்.

அவுக கால்நடை ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எல்லாப் புஸ்தகத்து அட்டையிலயும் போட்டிருக்கு. போடாதது என்னன்னா, அவுக கையெழுத்து. மாட்டுக்கு எழுதுன மருந்துச் சீட்டு மாதிரியே கதையும் எழுதுவாக. அச்சுக்காரன் ஒருத்தனுக்கும் புரியாது. கல்யாணம் ஆன ரெண்டாம் மாசத்துல இருந்து நான்தான் சுத்தமா எழுதிக் கொடுத்தேன். பதினோரு புஸ்தகம். ஒவ்வொண்ணையும் மூணு தடவை, நாலு தடவை. சோறு வடிச்சுட்டு உக்காந்தா மூணு மணி வரைக்கும் எழுதுவேன். எந்த எடத்துல அவுக முற்றுப்புள்ளி வைப்பாக, எந்த எடத்துல ஒரு வார்த்தையை முழுங்குவாக, எல்லாம் என் வெரலுக்குத் தெரியும்.

அந்தப் பதினோரு புஸ்தகத்துலயும் நான் கெடையாது. அதுக்காகச் சொல்லலை. ஒரு தகவலுக்குச் சொல்லுதேன். மதுரையில ஒரு பாராட்டு விழா நடந்துச்சு. ஒரு அம்மா மேடைக்குக் கீழ வந்து, "நீங்க எந்தக் கதையில வாறீங்க"ன்னு என்கிட்ட கேட்டா. அவுக பக்கத்துல நின்னுக்கிட்டு, "இவ கதையில வரமாட்டா, வீட்டுல இருப்பா"ன்னாக. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். சிரிக்கும்படியாத்தான் இருந்துச்சு.

போன வருஷம் பங்குனி மாசம் அவுகளுக்குப் பக்கவாதம் வந்துச்சு. பல் தேய்ச்சுக்கிட்டு நின்னவுக அப்படியே சரிஞ்சுட்டாக. பதினாறு நாள் ஆஸ்பத்திரியில. கை கால் மெதுவாத் திரும்பிருச்சு, பேச்சும் வந்துருச்சு. ரெண்டு விஷயம் வரலை. ஒண்ணு, படிக்க முடியலை. கண்ணு நல்லாத் தெரியுது, ஆனா எழுத்தைப் பாத்தா என்னமோ கிறுக்கி வச்ச மாதிரி இருக்குங்காக. இன்னொண்ணு, பழசு எதுவும் இல்லை. ஊரு பேரு, ஆபீஸு, கல்யாணம், ஒண்ணும் இல்லை.

வீட்டுக்கு வந்த அன்னைக்குக் காப்பி கொடுத்தேன். வாங்கிக்கிட்டு, "நீங்க யாரும்மா"ன்னாக.

"உங்க சம்சாரம். சொர்ணம்."

"அப்படியா. சரிங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாக.

முப்பத்தெட்டு வருஷத்துல அவுக என்னை நீங்கன்னு சொன்னது அப்பத்தான். அழுவேன்னு நெனைச்சேன். அழுகை வரலை. டம்ளரை வாங்கிக் கழுவி வச்சேன்.

டாக்டர் சொன்னாரு, பழகின சங்கதிகளையே திரும்பத் திரும்பச் சொல்லுங்க, ஏதாவது பிடிச்சுக்கிடும்னு. என்னத்தைச் சொல்ல. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. கல்யாண போட்டோவுல கரையான் ஏறி எங்க முகமே இல்லை. வீட்டுல இருக்கதெல்லாம் அவுக எழுதுன புஸ்தகம்தான். சரி, இதுலதான அவுக இருக்காகன்னு, அந்த மொத நாவலை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன். காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்.

நீங்க எத்தனை தடவை படிச்சிருக்கீங்களோ எனக்குத் தெரியாது. தாய் இல்லாத பையன். அக்காதான் வளக்கா. அவனுக்கு ஏழு வயசுல விஷக்காய்ச்சல் வருது, ஐப்பசி மாசம், ஆத்துல இடுப்பளவுக்குத் தண்ணி போகுது. பதினஞ்சு வயசு அக்கா அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆத்தைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போறா. அவன் மயங்கிரக் கூடாதுன்னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே போறா, நம்ம தெருவுல மொத வீடு யாரு வீடு, ரெண்டாவது வீடு யாரு வீடுன்னு. அவன் மொனங்கி மொனங்கிப் பதில் சொல்லுதான். அந்த அத்தியாயத்தை வச்சுத்தான அவுகளை எல்லாரும் பெரிய எழுத்தாளர்னு சொன்னாக.

அது கதை இல்லை, நடந்ததுதான். பேரு மட்டும்தான் மாத்தியிருந்தாக. அவுக அக்கா பேரு உலகம்மா. எனக்கு மைனி.

படிக்கப் படிக்க அவுக முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. அப்பா சாவுற எடத்துல தேம்பித் தேம்பி அழுதாக. நாலு நாள்ல அந்தப் பையன் நான்தான்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாக. சரின்னேன், அது உண்மைதான. அஞ்சாம் நாள் கேட்டாக, "எங்க அக்கா ஏன் வரலை? வடிவக்கா எங்க இருக்கா?"

தெனம் கேட்டாக. சாப்பிடும்போது கேட்டாக, குளிக்க வைக்கும்போது கேட்டாக. என்னைப் பாத்துக் கேட்டாக, நீங்க அவளுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்புங்களேன்னு.

மைனி அம்பாசமுத்திரத்துல மகன் வீட்டுல இருந்தாக. ஒண்ணரை மணி நேரம் பஸ்ஸு. சொல்லி விட்டிருக்கலாம்தான். ஆனா அவுகளுக்கும் எழுபத்தெட்டு, எழுபத்தொம்பது வயசு. மூட்டுவலி. எதுக்குப் போட்டு அலைக்கழிக்கணும்னு விட்டுட்டேன். வேற ஒண்ணும் இல்லை. எங்களுக்குள்ள பழைய மனத்தாங்கல் உண்டுன்னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருந்தா நம்பாதீங்க. கல்யாணமாகி ஒம்பது வருஷத்துல, பிள்ளை இல்லைன்னு ஆனப்ப, தம்பிக்கு வேற பொண்ணு பாக்கலாமான்னு மைனி ஒரு தடவை பேச்செடுத்தாக. அதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கிட்டதே இல்லை. கார்த்திகை மாசம், வெள்ளிக்கிழமை, பச்சைக் கண்டாங்கிச் சேலை கட்டியிருந்தாக, கொழுக்கட்டை தின்னுக்கிட்டே கேட்டாக. அவ்வளவுதான்.

பொறவு ஒரு நாள் எனக்குத் தோணுச்சு. புஸ்தகத்துல இருக்கவுகளைத்தான அவுக நம்புதாக, அப்போ நானும் ஒரு ஓரத்துல இருந்துட்டுப் போறேன்னு. பையன் வளந்து வேலைக்குப் போன பொறவு தனியா ஒரு ஊர்ல அறை எடுத்துத் தங்கியிருப்பான்லா, அந்த அத்தியாயம். அதைப் படிக்கும்போது நாலு வரி நானாச் சேத்தேன். அவன் சம்சாரம் சொர்ணம் கஞ்சி வச்சுக் கொண்டு வந்தாள், அவன் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான், அப்படின்னு. பெருசா ஒண்ணும் இல்லை. கஞ்சிதான்.

அவுக கையைத் தூக்கினாக. "நில்லுங்க. இந்த எடத்தை யாரு எழுதுனது?"

"நீங்கதான்."

"நான் இப்படி எழுத மாட்டேனே. இந்தப் பொம்பளை வந்ததும் கதை நிக்குது. ஒட்டலை. இவளை எடுத்துருங்க."

சரின்னு எடுத்துட்டேன். என்ன செய்ய. ஞாபகம் எல்லாம் போயும் அந்தக் காது போகலை பாருங்க. அன்னைக்கு மத்தியானம் நான் சாப்பிடலை. கோவம்னு இல்லை, பசிக்கலை.

யோசிச்சுப் பாத்தேன். முப்பத்தெட்டு வருஷம் பிரதி எடுத்தவளுக்கு இது கூடத் தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு. இருக்க கதையில புதுசா ஒரு ஆளை நுழைச்சா ஒட்டாது. அவுகளே அப்படிச் செய்ய மாட்டாக. ஏற்கெனவே இருக்க ஆளுக்குப் பேரை மாத்துவாக.

மறுநாள் மொத அத்தியாயத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சேன். வடிவுன்னு வாற எடத்துல எல்லாம் சொர்ணம்னு படிச்சேன். அக்கான்னு வாற எடத்துல அத்தை மகள்னு படிச்சேன். அத்தை செத்துப்போயி, அத்தை மக இந்த வீட்டுலயே வளந்தாள்னு ஒரே ஒரு வரி சேத்தேன். அதை ராத்திரி பகலா மனசுக்குள்ள எழுதி எழுதிப் பாத்து, அவுக நடையில கொண்டு வந்து வச்சிருந்தேன். முழுங்க வேண்டிய எடத்துல முழுங்கி, நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தி. அவுக தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டாக. ஒட்டலைன்னு சொல்லலை. முன்ன கேட்ட அக்கா என்ன ஆனான்னும் கேக்கலை. அந்த மூளையில புதுசா எழுதுனதுதான் நிக்கும், பழசு அழிஞ்சுரும், அப்படி ஆயிட்டாக.

ஆத்து அத்தியாயம் வந்துச்சு. ஒரு வார்த்தை விடாமப் படிச்சேன். தண்ணி இடுப்புக்கு வருது, பையன் தோள்ல வாந்தி எடுக்கான், சொர்ணம் தொடைக்காம நடக்கா. படிச்சு முடிச்சு நிமுந்து பாக்கேன், அவுக என்னையே பாத்துக்கிட்டு இருக்காக. என் கையைப் பிடிச்சாக.

"நீயா?"

"ஆமா."

"நீதானா அது. இத்தனை நாளாச் சொல்லவே இல்லையே நீ"ன்னாக.

அப்படித்தான்ம்மா நீங்கங்கிறது நீயாச்சு.

அதுக்குப் பொறவு பேச்சு புஸ்தகத்தோட நிக்கலை. சின்ன வயசுல நாம என்ன வெளையாடுவோம், பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாப் போவோம், எங்கப்பா உன்னை அடிப்பாரா, எல்லாம் கேப்பாக. நான் சொல்லுவேன். ஒண்ணு ஒண்ணாச் சொல்லுவேன். எனக்குச் சொந்த ஊரு சங்கரன்கோவில். எங்கப்பா அங்கன மளிகைக்கடை வச்சிருந்தாரு. அவுக ஊர் ஆத்தை நான் பாத்ததே கல்யாணத்துக்குப் பொறவுதான். ஆனா இப்பச் சொல்லுதேன் கேளுங்க, அந்த ஆத்துல கால் வச்சா கூழாங்கல்லு எப்படிக் குத்தும்னு எனக்குத் தெரியும். அவுக அப்பா, எங்க மாமா, கோவத்துல வெத்தலைப் பெட்டியைத் தூக்கி எறிஞ்சது தெரியும். மாமாவை நான் பாத்ததே இல்லை, நான் வாக்கப்பட்டு வாறதுக்குப் பத்து வருஷம் முந்தியே போயிட்டாரு. எங்கப்பா முகத்தை நெனைச்சுப் பாக்கேன், கடைத் தராசு வருது, கல்லாப்பெட்டி வருது, முகம் வரமாட்டேங்குது. வயசாயிட்டுல்லா.

நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. ஆடி மாசம் ஒரு நாள், பதினோரு மணி இருக்கும், வாசல்ல ஆட்டோ சத்தம். பாத்தா மைனி. யாரோ சொல்லியிருக்காக, உங்க தம்பிக்கு இப்படி ஆயிட்டாம்னு. மகன்கிட்டகூடச் சொல்லாம ஒத்தையில பஸ் ஏறி வந்திருக்காக. கையில ஒரு பையில நாட்டு வாழைப்பழம்.

"ஏட்டி சொர்ணம், நாலு மாசம் ஆச்சாமே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா"ன்னாக.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான் மைனி"ன்னேன்.

உள்ள போனாக. அவுக எந்திரிச்சு உக்காந்து, "வாங்கம்மா, உக்காருங்க. சொர்ணம், காப்பி கொண்டா"ன்னாக. மரியாதையா, வெளியாளுக்குச் சொல்லுத மாதிரி. மைனி கட்டில் பக்கத்துல உக்காந்தாக. ஞாபகம் போச்சுன்னு கேள்விப்பட்டுத்தான வந்தாக, அதனால அழுது கிழுது பண்ணலை. பாத்துக்கிட்டே இருந்தாக.

நான் காப்பியோட வாறேன், அவுக சொல்லிக்கிட்டு இருக்காக. "இந்தா வாறால்லா, இவதான். ஏழு வயசுல எனக்கு விஷக்காய்ச்சல். என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆத்தைக் கடந்தா. எங்க அத்தை மக. இவ இல்லைன்னா நான் இல்லை."

மைனி என்னைப் பாத்தாக. நான் காப்பியை ஆத்திக்கிட்டு இருந்தேன். சூடு அதிகமா இருந்துச்சு.

"அப்படியா தம்பி"ன்னாக மைனி. பொறவு, "வழியில ஒங்கிட்ட ஏதும் பேசிக்கிட்டே போனாளா"ன்னாக.

"ஆமா. நான் தூங்கிரக் கூடாதுன்னு, தெருவுல வீடு வீடா யாரு யாருன்னு கேட்டா."

"மொத வீடு யாரு வீடு?"

அவுக கண்ணை மூடினாக. "ஆனைக்கால் சுப்பையா வீடு"ன்னாக.

நான் டம்ளரைக் கீழ வச்சுட்டேன். ஏன்னா, புஸ்தகத்துல மொத வீடு பண்டாரத்து வீடு. நூறு தடவை எழுதியிருக்கேன், எனக்குத் தெரியாதா. ஆனைக்கால் சுப்பையான்னு ஒரு பேரு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை. நானும் சொல்லிக் கொடுக்கலை.

"ரெண்டாவது?"

"தொந்தி வாத்தியாரு வீடு."

"அதுக்கு அடுத்து?"

"இசக்கி வீடு. அவ ஆடு நம்ம வீட்டு முருங்கையைத் தின்னுரும்." அவுக குரல் சின்னதாப் போச்சு. மூச்சு வாங்குச்சு. மைனி கையை நீட்டி அவுக முதுகுல வச்சாக, தட்டிக் கொடுத்துக்கிட்டே, "அதுக்கு அடுத்து யாரு வீடு, சொல்லு ஐயா, தூங்காத, சொல்லு"ன்னாக. அவுக சொல்லிக்கிட்டே போனாக. அஞ்சு வீடு, ஆறு வீடு. ஏழாவது வீட்டுக்கிட்ட வந்து நின்னாக. கண்ணைத் தொறந்து மைனி முகத்தைப் பாத்தாக. என்னமோ வாய்க்கிட்ட வந்த மாதிரி இருந்துச்சு.

நான் சொன்னேன், "மைனி, போதும். அவுக களைச்சுட்டாக. மாத்திரை போடுத நேரம்."

மாத்திரை நேரம்தான்ம்மா. பதினொண்ணரைக்கு ஒரு வெள்ளை மாத்திரை உண்டு. சும்மா சொல்லலை. டாக்டர் சீட்டு இருக்கு, வேணும்னா காட்டுதேன்.

மைனி கையை எடுத்துக்கிட்டாக. அவுக மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துட்டாக. மைனி எந்திரிச்சு வெளிய வந்தாக. சாப்பிட்டுட்டுப் போங்கன்னேன், வேண்டாம்னுட்டாக. செருப்பை மாட்டிக்கிட்டு, இந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாக.

"மழைக்காலத்துல எனக்கு எடது தோள் வலிக்கும் சொர்ணம். அன்னைக்குப் பிசகுனது. அதையும் நீயே வச்சுக்கிடுதியா"ன்னாக.

கோவமாச் சொல்லலை. வெலை கேக்குத மாதிரி சாதாரணமாத்தான் கேட்டாக. வயசான காலத்துல ஏதேதோ பேசுவாக. ஆட்டோ பிடிச்சுக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவுக எந்திரிச்சு, "காலையில வந்த அம்மா யாரு"ன்னு கேட்டாக.

"தூரத்துச் சொந்தம்."

"அந்தம்மா முதுகுல தட்டுனதும் தூக்கம் தூக்கமா வந்துச்சு"ன்னாக. "திரும்பி வருவாகளா"ன்னாக.

வருவாகன்னேன்.

வரலை. பொரட்டாசி மாசம் ரெண்டாம் வாரம் அம்பாசமுத்திரத்துல இருந்து போன் வந்துச்சு. மைனி தூக்கத்துலயே போயிட்டாக. பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சரை அவுகளுக்குத் தொணைக்கு உக்கார வச்சுட்டு, நான் மட்டும் போனேன். செத்தவுகளுக்குப் பொறந்த வீட்டுக் கோடிச் சேலை போடணும்லா. அது கூடப்பொறந்தவன் போட வேண்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில ஒரு சேலை எடுத்தேன். கடைக்காரன் என்ன கலரும்மான்னு கேட்டான். பச்சைன்னு என் வாய்ல வந்துருச்சு. பொறவு அதை மாத்தி அரக்குல எடுத்தேன்.

அங்கன மைனி மகன் ஆதிமூலம் வாசல்ல நின்னான். "மாமா வரலையா அத்தை"ன்னான். முடியலைய்யான்னேன். "அம்மா அங்க வந்துட்டுப் போனதுல இருந்து வெளியவே எறங்கலை, என்ன நடந்துச்சு"ன்னு கேட்டான். ஒண்ணும் நடக்கலை, தம்பியைப் பாத்தாக, பேசிக்கிட்டு இருந்தாகன்னேன். நெசம்தான. மைனியைக் குளிப்பாட்டும்போது நான்தான் எடது பக்கம் பிடிச்சேன். அந்தத் தோள்பட்டை ஒரு பக்கம் எறங்கித்தான் இருந்துச்சு. முன்னாடி நான் கவனிச்சதில்லை. கோடியைப் போத்திவிட்டு, சுத்தி வந்து நின்னேன். பொம்பளைக எல்லாம் ஒப்பாரி வச்சாக. எனக்கு ஒண்ணும் வரலை. வெயிலா இருந்துச்சு.

திரும்பி வந்து தலைக்குக் குளிச்சேன். அவுக, "எங்க போயிட்ட இவ்வளவு நேரம்"ன்னாக. ஒரு சாவுக்குன்னேன். யாருன்னாக. உங்களுக்குத் தெரியாதுன்னேன்.

நாலஞ்சு நாள் புஸ்தகத்தைத் தொடலை. அவுகளே கேட்டாக, படியேன்னு. எடுத்தேன். ஆத்து அத்தியாயம்தான் தொறந்துச்சு. அன்னைக்கு என்னமோ, புஸ்தகத்துல என்ன அச்சடிச்சிருக்கோ அதையே படிச்சேன். ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியலை. வடிவுன்னே படிச்சேன். அக்கான்னே படிச்சேன். அக்கா தண்ணிக்குள்ள எறங்குதா, அக்கா நடக்கா. கடைசி வரைக்கும்.

அவுக ஜன்னலைப் பாத்துக்கிட்டுக் கேட்டாக. படிச்சு முடிச்சேன். பொறவு, "அந்த அக்கா இப்ப எங்க"ன்னாக.

"செத்துப்போயிட்டா."

"கதையிலயா?"

"ஆமா"ன்னேன். "கதையிலதான்."

தலையை ஆட்டிக்கிட்டாக. "பாவம்"ன்னாக. மறுநாள் அதே அத்தியாயத்தைச் சொர்ணம்னு மாத்திப் படிச்சேன். அவுக என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. அன்னையில இருந்து அப்படியேதான் போகுது.

புது அச்சுல நீங்க என்ன வேணும்னாலும் போட்டுக்கிடுங்கம்மா, வடிவுன்னே இருக்கட்டும். அவுகளால படிக்க முடியாதுல்லா. உள்ள மட்டும் எடுக்காதீங்க, அவ்வளவுதான் நான் கேக்கது. நீங்க எழுதுறதை நிறுத்திட்டீங்களே, ஏன்ம்மா. அந்த ரெக்கார்டரும் ஓடலையா. சரி, எல்லாத்தையும் போட்டுக்கிட்டே இருக்கணும்னு இல்லை.

கட்டில் சத்தம் கேக்குது பாருங்க, எந்திரிச்சுட்டாக. வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும். உங்களைப் பாத்ததும் மொத வேலையா என்னைக் காட்டி ஆத்துக் கதையைச் சொல்லுவாக. தெரியாத மாதிரிக் கேட்டுக்கிடுங்க.